முடிஞ்சுது என்று சொன்ன பிறகு எடுத்த படம்

வேலணையில் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள். மற்றப் பாதிக்குக் கலியாணம், பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, பிறந்தநாள். இவற்றை விட இன்னொரு வேலையும் எனக்கு உண்டு, அதைப் பலகையில் எழுதிப் போடவில்லை. பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் தீவுச் சனத்துக்கு அவர்களுடைய காணிகளைப் படம் எடுத்து அனுப்புவேன். வேலி நிற்கிறதா, கிணறு தூர்ந்துபோனதா, பக்கத்துக் காணிக்காரர் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டாரா, எல்லாம் படத்தில் தெரியவேண்டும். சொந்தக்காரர் ஒருவரைக் காணிக்குள் நிறுத்தி எடுத்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். ஆள் நிற்காத காணியை ஒருவர் படம் எடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம், யாரோ விற்கப்போகிறார்கள்.

இதை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து வந்த எனக்கு நெடுந்தீவில் நின்ற அந்த மூன்று நாளும் இது ஞாபகத்துக்கு வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வரும்.

நெடுந்தீவில் நிலக்காட்சிப் படப் பயிற்சி, ஆறு பேருக்கு மட்டும் இடம் என்று ஓர் அறிவித்தல் கைபேசியில் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘வடக்கின் பாலைவனத்தில் மூன்று நாள்’ என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை இல்லாத மாதங்களில் நெடுந்தீவின் தெற்கு வெளி காய்ந்து வெளுத்துக் கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே உறுதிப் பத்திரம் இல்லாத ஒரு சாண் நிலம் கிடையாது. கடல் முருகைக்கல்லை அடுக்கி அடுக்கி மதில் கட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எல்லை வைத்திருக்கிற ஊரைப் பாலைவனம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிரித்துவிட்டு, பெயரையும் கொடுத்தேன். காரணம் அறிவித்தலின் கடைசி வரி. பயிற்சி முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி, ஒவ்வொருவரின் படத்திலும் தேறியது ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவார்கள், தேறாவிட்டால் இல்லை. நான் எடுத்த படங்கள் இந்தத் தீவுகளில் ஆயிரம் அல்பங்களுக்குள் கிடக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை, எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்டதும் இல்லை. ஒரே ஒரு படம், என் படம் என்று ஒரு சுவரில் தொங்கவேண்டும் என்ற ஆசை எனக்குக் கனகாலமாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேலணையில் அரைவாசிச் சனத்துக்குச் சொல்லிவிட்டேன். அக்காவின் கணவர், என் அத்தார், கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“உமக்கு ஆக்கள் இல்லாமல் படம் எடுக்க வராது. மணலைக் கதிரையிலை இருத்தி, நாடியை நிமித்தச் சொல்லப் போறீரோ?”

அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டுதான் குறிகட்டுவானில் படகு ஏறினேன்.

மற்ற ஐந்து பேரில் நான்கு பேர் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய லென்ஸ் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. ஐந்தாவது நோர்வேயில் பிறந்த பெண், தாயின் ஊர் நாரந்தனை. பயிற்சி தந்தவரும் கொழும்புக்காரர், என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். குரலை உயர்த்தாத மனிதர், அதனாலேயே எனக்கு எரிச்சலூட்டியவர். அவர் முதல் நாளே விதி சொன்னார். ஆட்கள் வேண்டாம், வீடுகள் வேண்டாம், வெறுமையை எடுங்கள்.

விடிய முன்னம் போய், வெயில் ஏறுமட்டும் எடுத்தோம். பின்னேரம் விடுதி விறாந்தையில் இருந்து எல்லாருடைய படங்களையும் கணினியில் பார்த்தோம். மற்றவர்களின் படங்களில் நிலம் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தது. என் படங்கள் வந்ததும் பயிற்சியாளர் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எல்லாப் படத்திலும் இடதுபக்க விளிம்பில் ஒரு மூலைக்கல்லும் வலதுபக்கத்தில் ஒரு பனையும் ஏன் வருகின்றன என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். வடக்கே ஒழுங்கை, கிழக்கே மதில், தெற்கே பனை, நடுவில் கிணறு. என் கை தன்பாட்டில் யாரோ ஒரு பாரிஸ்காரருக்குக் காணிப் படம் எடுத்து வைத்திருந்தது.

“இது காட்சி இல்லையக்கா, காணி உறுதி” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் அவரைக் கடலில் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் நாள் எல்லைகளைத் தவிர்க்கப் போய், ஒன்றுமே இல்லாத படங்களாக எடுத்தேன். அவற்றில் நானும் இல்லை. அன்று பின்னேரம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைப் பொழுது படுவதற்குள் ஒரு படம் அமையாவிட்டால் உங்களுடையது என்று மாட்ட ஒன்றும் இருக்காது என்று சொல்லிவிட்டார். அவர் பிழையாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு நொந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் வெளியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய காணிக்குப் போனோம். நீளமான முருகைக்கல் மதில், உள்ளே பற்றை கூட இல்லாத வெளுத்த நிலம். மதிலோரம் ஆறு முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, ஆறு கமராக்களையும் காணியைப் பார்க்க வைத்தோம். இதை வேறு யார் செய்தாலும் நான்தான் மறித்திருக்கவேண்டும். நான் சுவரில் தொங்கப்போகிற படத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அரை மணித்தியாலத்துக்குள் சைக்கிள்கள் வந்தன. பின்னால் குடையும் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்து பயிற்சியாளருக்கு முன்னால் நின்றா.

“ஆருக்குக் காணியைக் காட்டுறியள்?”

அவர் வெளிச்சத்தை எடுக்க வந்ததாக விளக்கினார். வெளிச்சம் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆறு பேர் வருவார்களா என்று அங்கே நின்றவர்கள் கேட்டார்கள். அந்த அக்காவின் தம்பி பிரான்சில் இருக்கிறார், பெற்றோரின் காணி இன்னும் பிரிக்கவில்லை, பல மாதமாக அவர் தொலைபேசியும் எடுக்கவில்லை. அளக்கிறவர்களைப் போல மதிலோரம் முக்காலிகள் நிற்பதைக் கண்ட யாரோ ஓடிப்போய், உன்ர தம்பி ஹோட்டல்காரருக்குக் காணியைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ கத்தவில்லை. முக்காலிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கிராம சேவகரிடம் போவோம் என்றார் ஒருவர். பயிற்சியாளர் முக்காலிகளை மடக்கச் சொன்னார், மற்றவர்கள் மடக்கினார்கள். சூரியன் மதிலுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. என் ஒரே பின்னேரமும் மடங்கிக்கொண்டிருந்தது.

நான் முன்னுக்குப் போனேன். வேலணையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவள் என்று சொன்னேன். காணிகளைப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள் என்று சொன்னதும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிழை என்னுடையது, உரிமைக்காரரைக் கேட்காமல் எடுப்பது எங்கள் ஊர் வழக்கம் இல்லை என்றும் சொன்னேன். பிறகு அவவைப் பார்த்தேன்.

“அக்கா, நீங்கள் உள்ளுக்கை போய் நில்லுங்கோ. நீங்கள் நிக்கிற படத்தைத் தம்பிக்கு அனுப்புறன். நீங்கள் நிக்கிற காணியை ஆரும் வெறுங்காணி எண்டு சொல்லேலாது.”

அவ என்னையும் காணியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கமராவுக்குக் கிட்ட, கலியாண வீட்டில் நிற்பதுபோல் வந்து நின்றா. அப்படி நின்றால் காணி தெரியாது, அங்கே தூரத் தொங்கல் மூலைக்குப் போய் மதிலில் கையை வையுங்கோ என்றேன். காணி முழுக்க விழவேண்டும் என்பதில் எனக்கும் அவவுக்கும் ஒரே கருத்து. வெளுத்த நிலத்தின் நடுவால் குடையோடு நடந்து போனா. போகப் போகச் சிறுத்து, கடைசியில் மதிலோரம் ஒரு விரல் நகமளவு ஆனா.

கை தட்டிக் காட்டி இரண்டு படம் எடுத்தேன். இரண்டிலும் அவ விறைத்துக்கொண்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றா. என் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. மணமக்களாக இருந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தாலும் கமராவுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பார்கள். முடிஞ்சுது என்று சொன்னால் மூச்சை விடுவார்கள், முகம் அவர்களுடைய முகமாகும். அந்த நொடியில் இன்னொன்று எடுத்துவிடுவேன்.

“அக்கா, முடிஞ்சுது” என்று இரண்டு கையையும் வாய்க்கு வைத்துக் கத்தினேன்.

அவ குடையை இறக்கினா. எங்களை மறந்து பக்கவாட்டில் திரும்பி, மதிலில் சாய்ந்து, தன் காணியைப் பார்த்துக்கொண்டு நின்றா. சூரியன் மதிலைத் தொட்டிருந்தது, கல்லுக் கல்லாக நிழல் விழுந்து நிலம் முழுக்க ஓடியது. நான் கமராப் பொத்தானை அமத்தினேன். அமத்தும்போதே தெரிந்துவிட்டது.

அன்று விறாந்தையில் என் படம் திரைக்கு வந்தபோது நோர்வேப் பெண் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். நான்கு எல்லையும் படத்துக்குள் இருந்தன, மூலைக்கல்லும் இருந்தது, ஆளும் இருந்தா. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று நாளாகத் தான் தேடிய வெறுமை இந்தப் படத்தில்தான் இருக்கிறது என்றும், ஒருவர் நிற்காமல் அது தெரியாது என்பது தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கடலில் தள்ளிய மனிதரை அன்றைக்கே கரையேற்றிவிட்டேன்.

அந்த அக்காவிடம் கேட்டு, அவ ஓம் என்ற பிறகுதான் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். தம்பிக்கு அதற்கு முதலே அனுப்பிவிட்டேன். அவர் அடுத்த நாளே அவவுக்குத் தொலைபேசி எடுத்து, அக்கா நீங்கள் இருக்கும்வரைக்கும் விற்கிற கதையே இல்லை என்றாராம். இதை அவ எனக்கு மூன்று தரம் சொன்னா, மூன்று தரமும் புதிதாகக் கேட்டேன்.

யாழ்ப்பாணத்து மண்டபத்தில் வாசலுக்கு நேரே என் படத்தை மாட்டியிருந்தார்கள். கீழே என் பெயர். சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை, அதை மறைக்கவும் நான் முயலவில்லை. அத்தாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினேன். அவர் கன நேரம் பார்த்துவிட்டு, மணல் நல்லாத்தான் நாடியை நிமித்தியிருக்குது என்றார். அந்த மனிதரிடம் இதைவிடப் பெரிய பாராட்டு வாங்க ஏலாது.

பதினொரு மணிபோல நெடுந்தீவு அக்கா வந்தா. படகும் பஸ்ஸும் மாறி, தன் கலியாணக் கூறைச் சேலையை உடுத்து வந்திருந்தா. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றவ பிறகு அசையவே இல்லை. பார்க்க வந்த ஒருவர் இது எந்த நாட்டுப் பாலைவனம் என்று கேட்டார். அவ வடக்கு எல்லையிலிருந்து தொடங்கினா. ஒழுங்கை, மதில், மூலைக்கல், யார் யாருடைய காணி பக்கத்தில் என்று நாலு பக்கமும் சொல்லி முடிக்குமட்டும் அந்த மனிதர் நகர ஏலாமல் நின்றார்.

பின்னேரம் போகும்போது, படத்தோடு தன்னை ஒன்று எடுக்கச் சொன்னா. நிற்கச் சொல்லி இரண்டு எடுத்தேன், அதே விறைப்பு. கமராவைக் கொஞ்சம் இறக்கி, முடிஞ்சுது அக்கா என்றேன்.

அவ அசையவில்லை. என்னையே பார்த்துச் சிரித்தா.

“நீர் இன்னும் ஒண்டு எடுப்பீர், எனக்குத் தெரியும்.”

எடுத்தேன். அதையும் பெரிதாக்கி, வேலணையில் என் ஸ்டூடியோச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.