கொடியில் ஆடிய டேப்

சினிமாவுக்கும் டி.வி. நாடகங்களுக்கும் இசையமைத்தவரின் மனைவி அவர். கணவர் இறந்ததும் அவருடைய இசைக் குறிப்புத் தாள்களோடும் பாட்டுகள் பதிந்த ஸ்பூல் டேப்புகளோடும் பிறந்த ஊரான ஆரணிக்கே திரும்பியிருந்தார். என் கேசட் ரெக்கார்டிங் கடைக்கு எதிர்வீடு. ஒடிசலான உடம்பு, கிட்டே வந்தால் பாச்சை உருண்டை வாசம்.

பட்டுப்புடவைக்குச் செய்வதையே அவர் அந்தத் தாள்களுக்கும் டேப்புகளுக்கும் செய்தார். மாதம் ஒருமுறை தாள்களை மடிப்பு மாற்றி மடிப்பார். டேப்பை முழுக்கப் பிரித்துத் துணிக்கொடியில் காற்றாட விடுவார். பிறகு பட்டுநூல் சுற்றும் ராட்டையை வைத்து மறுபடி ஸ்பூலில் சுற்றி எடுத்துவைப்பார்.

ஒருநாள் ஒரு ஸ்பூலைக் கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார். மெஷினில் போட்டேன். இரைச்சல்தான் வந்தது, பழுப்புப் பொடி உதிர்ந்தது.

"வெளிய எடுத்து எடுத்துத்தான் பாட்டெல்லாம் போயிடுச்சும்மா. இனிமே பிரிக்காதீங்க" என்றேன்.

"நெசவுக்காரங்க வீட்ல பொறந்தவ தம்பி நான். மூடியே வெச்சா இத்துப் போயிடும்."

தலையைச் சாய்த்து அந்த இரைச்சலைக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "போதும், நிறுத்துங்க. ஓட்டிகினே இருந்தா தேஞ்சிடப் போவுது."

அடுத்த மாதமும் கொடி நிறைய டேப் ஆடியது. காக்கை உட்காராமலிருக்க, கையில் குச்சியோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.