கட்டணமில்லாத மஞ்சள் பட்டை

படகுத்துறை டிக்கெட் கவுண்டர்களுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் பெரிய வயதில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். நான் சொல்வது எல்லாத் துறைக்கும் பொருந்துமா என்று தெரியவில்லை. எங்கள் துறையில் நடந்தது இதுதான்.

1. ரேட் ஏறியது, கூட்டமும் ஏறியது

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் கிழக்கே வந்தால் ஓர் உப்பங்கழி. அதன் நடுவே சவுக்கு மரங்கள் நிற்கும் சின்ன மணல்தீவு. ஊரில் அதைத் திட்டு என்பார்கள். யாரோ அங்கே ரீல்ஸ் எடுத்துப் போட்டதிலிருந்து சனி, ஞாயிறு என்றால் விழுப்புரம், புதுச்சேரி வண்டிகளெல்லாம் எங்கள் துறையில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருவர் கவுண்டர் கண்ணாடியைத் தட்டி, "ஜல்திம்மா, வெயில்ல எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று கத்தினார். அவசரத்தில் அவருக்கு இரண்டு டிக்கெட் அதிகமாகக் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்தைக் குறைக்கத்தான் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். குறையவில்லை. மேனேஜர் கட்டணத்தை உயர்த்தினார். அப்போதும் குறையவில்லை. முன்பு பயந்து பயந்து சிகரெட் பிடித்தவர்கள், இப்போது சவுக்குக் கன்றை ஒடித்து அடுப்பே மூட்டினார்கள். கேட்டால், "சும்மாவா வந்தோம்? காசு குடுத்துல்ல வந்திருக்கோம்" என்றார்கள். நண்டு பிடிக்கப் போன பெண்கள் பாட்டில் சில்லில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் தண்ணீர் ஏறினால் திட்டில் பாதி முழுகிவிடும். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

2. கையில் கட்டும் பட்டை

நான் யோசித்ததை மேனேஜரிடம் சொல்லவே பல நாள் தயங்கினேன். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் திட்டில் இருக்கலாம் என்று ஒரு லிமிட். போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். பெரியவர்களுக்கு நீலம், சிறுவர்களுக்கு மஞ்சள். திரும்பி வந்ததும் வெட்டி வாளியில் போட்டுவிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை பேரை மறுபடி அனுப்பலாம்.

"சின்னப் பசங்களுக்கு ஃப்ரீதானம்மா, காசு வராத ஆளுக்கு எதுக்குப் பட்டை?" என்றார் மேனேஜர்.

"காசு வரலன்னாலும் அவங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் வேணுமே சார். போட்ல இடம் வேணும். லிமிட்ல அவங்களும் சேர்த்திதான் சார்."

கெடாரில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது என் பையன் அத்தையிடம் இருக்கிறான் என்று நானும், என்னிடம் இருக்கிறான் என்று அத்தையும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவன் தெருமுனையில் நின்றிருந்தான். அதை மேனேஜரிடம் சொல்லவில்லை. வேலை செய்யுமிடத்தில் வீட்டுக் கதையைக் கொண்டுவருகிறாள் என்று நினைப்பாரோ என்று பயம்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "காணும் பொங்கல் வரைக்கும் பாக்கலாம். அன்னைக்கு எதுனா கலாட்டா ஆச்சுன்னா லிமிட் கேன்சல். பழையபடி ரேட்டை மட்டும் ஏத்திட்டுப் போயிடுவேன்."

3. காணும் பொங்கல்

அன்று காலையிலேயே ரோடு வரை வரிசை. கண்டமங்கலத்திலிருந்து ஒரே குடும்பம் இரண்டு வேனில் வந்திருந்தது. புளிசாதக் குண்டான், பாய், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலை எல்லாம் இருந்தது. அவர்களில் மூத்தவர் மஞ்சள் பட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, கோயில் கயிறா? காப்புக் கட்டி அனுப்பறியா?"

"ஆமாங்க ஐயா, பத்திரமா திரும்பி வரத்தான்."

"காசே வாங்காததுக்கு இவ்ளோ பேஜாரா!" என்று முணுமுணுத்துக்கொண்டே குழந்தைகளின் கைகளை நீட்டச் சொன்னார்.

மதியத்துக்கு முன்பே லிமிட் முடிந்தது. கவுண்டரை மூடினேன். வெளியே கூச்சல். விழுப்புரத்துக்காரர் ஒருவர் போனை நீட்டி, "லைன்ல யாருன்னு பேசிப் பாரும்மா, அப்புறம் தெரியும்" என்றார். நான் போனை வாங்கவில்லை. "யாரா இருந்தாலும் அங்கிருந்து ஆள் திரும்பினாதாங்க ஐயா அனுப்ப முடியும்." சொல்லும்போதே வேலை போய்விடுமோ என்று தோன்றியது. மேனேஜர் என்னை முறைத்தார். ஆனால் கவுண்டரைத் திறக்கச் சொல்லவில்லை.

நான்கு மணிக்குக் காற்று திரும்பியது. எல்லாரையும் உடனே அழைத்து வரச் சொல்லிப் படகுகள் போயின. ஆள் குறைவு என்பதால் தள்ளுமுள்ளு இல்லை. எல்லாருக்கும் ஜாக்கெட் இருந்தது. கடைசிப் படகும் வந்தது. நான் வாளியைக் கவிழ்த்து எண்ணினேன்.

ஒரு மஞ்சள் குறைந்தது.

மறுபடி எண்ணினேன். நானே தப்பாக எண்ணுகிறேனோ என்று பக்கத்தில் பட்டை வெட்டிக்கொண்டிருந்த மகளிர் குழுப் பெண்ணையும் எண்ணச் சொன்னேன். அதே கணக்கு.

"ஈரத்துல பிஞ்சு தண்ணில போயிருக்கும். விடும்மா" என்றார் மேனேஜர்.

போயிருக்கலாம்தான். ஆனாலும் மஞ்சள் பட்டை அதிகம் வாங்கிய கண்டமங்கலத்து வேனிடம் ஓடினேன். முதல் வேன் ஏற்கனவே கிளம்பிவிட்டது. "எங்க பசங்க எல்லாம் வந்தாச்சும்மா" என்றார் பெரியவர்.

"ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க ஐயா."

சொல்லிக்கொண்டே வந்தவர், "அபி அவ சித்திகூட முன்னாடி வண்டில" என்றார். அபியின் அம்மா போன் போட்டாள். ஸ்பீக்கரில் சித்தியின் குரல் எனக்கும் கேட்டது: "அபியா? உன் கூடல்லக்கா இருக்கா?"

அந்தப் பெண் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் மேனேஜரைக் கேட்கவில்லை. "எத்திராஜ் அண்ணா, போட்டை எடுங்க!" என்று கத்தினேன். எத்திராஜ் அண்ணன் எங்கள் துறையின் மூத்த படகோட்டி. ஏன் எதற்கு என்று கேட்காமல் மோட்டாரை இழுத்தார். படகு சின்னதாகிக்கொண்டே போனது. அபியின் அம்மா என் புடவையைப் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் என் போன் அடித்தது.

"பாப்பா கீதும்மா! சவுக்குக்குப் பின்னாடி மண்ணுல வீடு கட்டிக்கினு கீது. தண்ணி கிட்ட வந்துடுச்சி. கூப்டா வரமாட்டேங்குது, வீட்டை மிதிச்சிட்டேன்னு என்னைத் திட்டுது!"

கரையில் எழுந்த சத்தத்தில் அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் கிடைக்காமல் காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட விசிலடித்தார்கள். விழுப்புரத்துக்காரர் அபியைப் படகிலிருந்து தூக்கி இறக்கினார். பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மேனேஜர் மறுநாள் வந்ததும் என் மேசை முன்னால் நின்றார். "லிமிட் இனிமே வருஷம் பூரா. நீ மூடுன்னா மூடுறதுதான். எவன் போன் பண்ணாலும் நான் பேசிக்கிறேன்." அந்த வாரமே வனத்துறை ஆட்கள் திட்டில் புதிய சவுக்குக் கன்றுகள் நட்டார்கள். நண்டு பிடிக்கும் பெண்கள் பாட்டில் சில்லுப் பயமில்லாமல் மறுபடி வெறுங்காலோடு போகத் தொடங்கியிருக்கிறார்கள்.

நான் இன்னமும் எண்ணியதையே திரும்ப எண்ணுகிறேன். முன்பு அதை என் குறை என்று நினைப்பேன். இப்போது அதற்காக யாரிடமும் கூச்சப்படுவதில்லை. புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும், அது அலுவலகத்தின் பாடு. நீங்கள் தலையை எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் படகை அனுப்புங்கள். வெறும் படகாகத் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.