எல்லை தாண்டிய கறி

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. நவமணிக்கு நடந்தது. பேய் என்று சொன்னாலே கேலி பண்ணிச் சிரிக்கிறவள் அவள். இப்போது அவளிடம் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நவமணி உணவு விஞ்ஞானி. ஈப்போவில் வேலை. கறியில் எந்தக் கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும், எதுவரை பயமில்லாமல் சாப்பிடலாம் என்பதுதான் ஆராய்ச்சி. கடைக் கறியெல்லாம் பார்த்தாகிவிட்டது. வெயிலில், வெட்டவெளியில் அறுக்கும் கிடாக் கறி ஒன்றுதான் பாக்கி. அதற்காகவே தம்பி தர்மாவைக் கூட்டிக்கொண்டு சுங்காய்ப் பக்கம், தாங்கள் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனாள். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்துவிட்டன. கிடா வெட்டு மட்டும் நிற்கவில்லை.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டிய கறியை அங்கேயே ஆக்கி, அங்கேயே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். மிச்சத்தைப் பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது.

தர்மாவுக்கு அக்காவின் ஆராய்ச்சிதான் பெரிது.

"போலே லா அக்கா, செய்யலாம். யாருக்குத் தெரியப் போவுது? நான் எடுத்து வாரேன்."

எடுத்தும் வந்தான். உள்ளங்கை அளவுத் துண்டு. பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கார் எல்லைக் கல்லைத் தாண்டியதும் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"குளிருதுக்கா."

நல்ல வெயில். காரில் ஏசிகூடப் போடவில்லை.

அன்றே லேபில் அந்தக் கறியைக் கொஞ்சம் கீறியெடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவி வைத்தாள். மறுநாள் தர்மா ஆஸ்பத்திரியில் கிடந்தான். எத்தனை போர்வை போர்த்தினாலும் உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது. டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பச்சைக் கறியைக் கையால் தொட்டவன் அவன்தானே, அதிலிருந்து ஏதாவது தொற்றியிருக்குமோ? என்னவென்று தெரிந்தால் மருந்து கொடுக்கலாம்.  நவமணிக்கு இருப்பது அந்த ஒரே தம்பி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லேபில் யாரும் இல்லை. வெளியே மழை.

தட்டுகளை எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

அது நடக்காத காரியம். வெட்டிய கறி என்றால் கிருமி இருந்தே தீரும். உயிரோடு இருக்கும் உடம்புக்குள் இருக்கிற சதைதான் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

ஐஸ் பெட்டியைத் திறந்தாள். காலையில்தான் புது ஐஸ் போட்டிருந்தாள். ஒரு கட்டிகூட மிச்சமில்லை. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

கறியில் வெப்பமானியைக் குத்தினாள். முப்பத்தேழு.

வேறொன்றை எடுத்துக் குத்தினாள். அதிலும் முப்பத்தேழு.

ஆட்டுக்குச் சூடு இன்னும் கூடுதல். இது மனுஷச் சூடு...

டொக்... டொக்...

பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

கைப்பேசி அலறியது. கோயில் பூசாரி சன்னாசி.

"கறிப் பங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களாம்மா? இப்பவே கொண்டாந்துடு. பொழுது சாயறதுக்குள்ள."

"அண்ணே, அத வச்சுத்தான் என் தம்பியக் காப்பாத்தணும்."

சன்னாசி குரலைத் தாழ்த்தினார்.

"அது இன்னும் ஆட்டுக் கறின்னா நெனைக்கிற?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். பூசாரி பேச்சைக் கேட்டு ஒரே ஆதாரத்தை மண்ணில் போடுவதா? கிருமி இல்லையென்றால் விஷமாக இருக்கலாம். கோலாலம்பூர் லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம். வண்டி காலையில்தான் வரும். அதுவரை கறி கெடக் கூடாது. கெடாமல் வைக்க ஒரே வழி, உறைய வைப்பது. மாணவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

உறைபெட்டியில் வைத்து மூடினாள். மணி நாலேகால்.

டொக்... டொக்...

கதவின் மேல் உள்சூட்டைக் காட்டும் எண்கள் இறங்கின.

முப்பது. இருபது.

டொக்...

பத்து.

...டொக்...

பூஜ்யம்.

சத்தம் நின்றது. அவளுக்கு உயிர் வந்தது போலிருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கைப்பேசி மறுபடியும் அலறியது.

வார்டிலிருந்து.

தர்மா போய்விட்டான்.

எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிரேதப் பரிசோதனை முடிய மறுநாள் மாலையாகிவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று நவமணி கேட்டாள். டாக்டர் நூருல் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். கத்தி இறங்கவே இல்லையாம். உடம்பு உருகட்டும் என்று காத்திருந்தார்களாம்.

பிணவறைக் குளிர்பெட்டியில் அவனை அதுவரை வைக்கவே இல்லை.