ராசாத்தியின் கறுத்த பல்

காலைப் பூசைக்கு இரண்டாம் மணி அடித்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது: பிலிப்பு காய்ச்சலில் போய்விட்டான். உடலைக் குருநகருக்குக் கொண்டுவந்து கிடத்தியதும், அயல் பெண்கள் வழக்கப்படி தாடையைக் கட்டத் துணி கிழித்தார்கள். மனைவி லூர்த்தம்மா மறித்தாள்.

"இறுக்கிக் கட்டாதேங்கோ. அந்தப் பல்லைக் காட்டத்தானே மனிசன் அவ்வளவு பாடுபட்டது."

அழுதுகொண்டு நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிலிப்பு கடலுக்குப் போகிறவன். மெலிந்த உடம்பு, கீச்சுக் குரல். அந்தக் குரல்தான் அவனுக்கு வினை. மீசை முளைத்த நாள் முதல் கோயில் திருநாள் கூத்தில் அவனுக்கு ராசாத்தி வேஷம். ஒருமுறையாவது ராசாவாக, வாளோடு மேடையேற வேண்டும் என்பது அவன் ஆசை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யாகோப்பு கேட்டால்தானே!

"நீ வாளைத் தூக்கமாட்டாய், வாள்தான் உன்னைத் தூக்கும்" என்பார்.

அப்படியிருக்க, முன்பல் ஒன்றில் சூத்தை விழுந்தது. பட்டணத்துப் பல் வைத்தியர் நமசிவாயம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெள்ளி அடைச்சால் நெடுகக் கிடக்கும். ஆனால் முன்பல்லு, போகப் போகக் கறுக்கும். வெள்ளைச் சாந்து அடைச்சால் பல்லோடை பல்லாய் இருக்கும். என்ன, கொஞ்சக் காலத்திலை கரைஞ்சு போகும்."

"கறுக்குமெண்டது நிச்சயமோ ஐயா?"

"நிச்சயம்."

"அப்ப வெள்ளியையே அடையுங்கோ."

அன்றிலிருந்து லூர்த்தம்மாவுக்கு நிம்மதி போயிற்று.

"கறுத்திட்டுதோ?"

"இல்லையப்பா."

"வெளிச்சத்திலை நல்லாய்ப் பாரன்."

ஒருவழியாகக் கறுத்தது. அடுத்த திருநாளுக்குக் கூத்துப் பழகத் தொடங்கிய பின்னேரம், ராசாத்தி வாய் நிறையச் சிரித்தாள்.

"சீ! உதென்னடா வாய்க்குள்ளை?" என்றார் யாகோப்பு.

"வெள்ளி, அண்ணாவியார். சாந்து நிலைக்காதாம். ராசாவெண்டால் மீசை மறைச்சுப்போடும்."

அண்ணாவியார் இலேசுப்பட்டவரா?

"முந்தானையாலை வாயைப் பொத்திக்கொண்டு பாடு. புருசன் போருக்குப் போன துக்கமெண்டு சனம் நினைக்கும்."

பிலிப்பு பொத்தினான். கெட்டியாகவே பொத்தினான். பாட்டில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். கடைசியில் மத்தளக்காரனே அடிப்பதை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். யாகோப்பு தாளத்தைக் கீழே வைத்தார்.

"உன்ரை பல்லுக்கை இருக்கிறது வெள்ளியில்லையடா, பசாசு! போ, நீ ராசா. இவ்வளவு காலமும் ராசாவாய் வந்த வின்சன்ற் ராசாத்தி. ஆனால் அவன்ரை தடிச்ச உடம்புக்கு அந்தச் சட்டையைப் பெருப்பிச்சுக் குடுக்கிறது உன்ரை வேலை."

அதன் பிறகு பிலிப்பு சோறு தின்னும்போதும் மரவாளைக் கீழே வைக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் லூர்த்தம்மாவை "மந்திரி" என்றுதான் கூப்பிட்டான். திருநாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

ராசாத்தியின் சட்டையில் வலக்கையைப் பெருப்பித்துத் தைத்தாகிவிட்டது. இடக்கை பிரித்தபடி, ஊசி குத்தியபடி கிடக்கிறது.