மெட்டி போடாத புதுப்பொண்ணு

இடஒதுக்கீடு கேட்டு எங்க பக்கம் ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டு மறியல் பண்ணாங்களே, அந்த வருஷம் நடந்தது. எனக்கு அப்ப இருபது வயசு. கள்ளக்குறிச்சியில இருந்து சின்னசேலம் போற பஸ்ல உக்காந்திருந்தேன். எனக்குப் பின் சீட்டுல அவரு. ரெண்டு பேரும் யாருக்கும் தெரியாம வூட்டை விட்டுப் போய்க்கினு இருந்தோம்.

காதல்னா இந்தக் காலம் மாதிரி பெருசா நினைச்சுக்காதீங்க. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின், அவ்ளோதான். ஆனா அவரு வேற சாதி. எங்க வூட்டுல தெரிஞ்சா என்னை நாலு சாத்து சாத்திட்டு விட்டுடுவாங்க, அவரை உசுரோட விட மாட்டாங்க. சின்னசேலத்துல ரயிலைப் பிடிச்சு சேலம் போயிட்டா, அங்க அவரு சிநேகிதரு ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு. தனியாப் போற பொண்ணுன்னு யாரும் துருவித் துருவிக் கேக்கக் கூடாதேன்னு, ஒரு மஞ்சக் கயித்துல தாலி மாதிரி மஞ்சக் கிழங்கைக் கட்டி நானே கழுத்துல போட்டுக்கினேன். பெரிய அறிவாளின்னு நெனப்பு எனக்கு!

என் பக்கத்துல ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும், நைனார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். மடியில கூடை, வாயில ஓயாத பேச்சு. மல்லாட்டையை, அதாங்க வேர்க்கடலையை, நாம விக்கப் போனா வெலை கம்மியாம், அதுல ஆட்டுன எண்ணெயை நாம வாங்கப் போனா ஜாஸ்தியாம், இது எந்த ஊரு நியாயம்னு கேட்டாங்க. ஓட்டு கேட்டு வந்தவன் அப்புறம் ரோட்டுப் பக்கமே வரலைன்னாங்க. மறியலைப் பத்தி யாரோ வாயைக் கிளற, “நம்ம புள்ளைங்களுக்கு வேலை வேணும், கேக்கட்டும். மரம் இன்னாடா பண்ணுச்சு உங்கள?”ன்னு ஒரு போடு போட்டாங்க. பஸ்ஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன்.

அப்புறம் பேச்சு காதல் பக்கம் திரும்புச்சு. போச்சுடா! அவங்க ஊருல எவளோ ஒருத்தி ஓடிப் போயிட்டாளாம். “பெத்தவங்க வயிறு எரிய ஓடிப் போறதுங்கள நிக்க வச்சு வெட்டணும். அப்பத்தான் மத்ததுங்களுக்குப் புத்தி வரும்”னு அடிச்சுப் பேசினாங்க. எல்லாரும் ஆமாம் போட்டாங்க. பின்னாடி அவரு இருமினாரு. திரும்பிப் பாக்கக் கூட பயம்.

கொஞ்ச தூரத்துல பஸ் நின்னுடுச்சு. ரோட்டுக்குக் குறுக்க ஒரு புளியமரம் கிடந்துச்சு, அதைச் சுத்தி ஒரு கும்பல். ரெண்டு பக்கமும் கரும்புக் காடு, தூரத்துல கல்வராயன் மலை. எறங்கி ஓடவும் வழி இல்லை.

அந்த நேரம் பாத்து, பேசிக்கினு இருந்த அம்மா சட்டுனு வாயை மூடினாங்க. என் காலையே பாத்தாங்க. அப்பதான் எனக்கு ஒறைச்சுது. கழுத்துல கயிறு இருக்கு, காலுல மெட்டி இல்லை! எந்த ஊருல மெட்டி போடாம புதுப்பொண்ணு வெளிய வரும்? காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கினேன். அவங்க பின்னாடி திரும்பி அவரைப் பாத்தாங்க, மறுபடி என் மூஞ்சியைப் பாத்தாங்க. முடிஞ்சுது, இந்தம்மா காட்டிக் குடுக்கப் போவுதுன்னு நெனச்சேன்.

நாலைஞ்சு பேரு பஸ்ல ஏறினாங்க. ஒருத்தன் கையில அருவா. மறியல்ல நின்னவங்களுக்கு எங்க ஊருல இருந்து சேதி வந்துடுச்சு போல. ஒரு பொண்ணைக் காணோம், ஒருத்தன் கூட்டிக்கினு போயிட்டான்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு, எங்களை நேர்ல பாத்தவங்க இல்லைன்னாலும் முன் சீட்டுல இருந்து ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கினே வந்தாங்க.

அந்தம்மா கூடையைக் கீழ வைக்கிற மாதிரி குனிஞ்சாங்க. என் காலை யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. கீழ பாக்குறேன், அவங்க காலுல இருந்த மெட்டியைத் திருகித் திருகிக் கழட்டி என் வெரலுல மாட்டிக்கினு இருக்காங்க! எத்தனை வருஷமாப் போட்டிருந்த மெட்டியோ, வெரலு தோலு உரிஞ்சு ரத்தம் கசிஞ்சுது. புருசன் உசுரோட இருக்கறப்ப எங்க பக்கம் எந்தப் பொம்பளையும் அதைக் கழட்ட மாட்டா. எனக்கு அது தொளதொளன்னு இருந்துச்சு. விழுந்துடக் கூடாதேன்னு வெரலை மடக்கிக்கினேன். அவங்க தன் காலைக் கூடைக்குப் பின்னாடி மறைச்சுக்கினாங்க.

அருவாக்காரன் எங்க சீட்டுக்கிட்ட வந்தான். யாருன்னு கேட்டான்.

“எம் மவ. பின்னாடி இருக்கறது மாப்ள. மறுவூட்டுக்கு அழைச்சுக்கினு போறேன்.”

அவன் என் கழுத்தைப் பாத்தான். அப்புறம் குனிஞ்சு காலைப் பாத்தான். அந்த நேரத்துல நான் கும்பிடாத சாமி இல்லை.

“இன்னாடா பொம்பளை புள்ள காலை உத்து உத்துப் பாக்குற? ஒன் வூட்டுல அக்கா தங்கச்சி இல்லையா?”ன்னு அந்தம்மா ஒரு கத்து கத்தினாங்க. அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சரி போங்கம்மான்னு எறங்கிட்டான்.

மரத்தை எடுக்க நேரமாவும்னு கண்டக்டர் சொல்லவே, அந்தம்மா எங்களை வரப்பு வழியா நடத்திக் கூட்டிக்கினு போனாங்க. காப்பாத்திட்டோம்னு ஒரு நல்ல வார்த்தை சொல்வாங்கன்னு பாத்தா, வழி பூரா திட்டுதான். பெத்தவளை நெனச்சுப் பாத்தியாடின்னு எனக்கு. ஒரு மெட்டி வாங்கக் கூட வக்கில்லாம பொண்ணு கேக்குதான்னு அவருக்கு. சின்னசேலம் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிஞ்சதும் நின்னு கையை நீட்டினாங்க.

“குடுடி மெட்டிய. எம் புருசன் நல்லா இருக்கணும்.”

கழட்டிக் குடுத்தேன். அந்தம்மாவால அதைத் திரும்ப மாட்டிக்க முடியலை. ரெண்டு வாட்டி கைநழுவிக் கீழ விழுந்துச்சு. பஸ்ல அந்தக் கத்து கத்துன பொம்பளை, என்னைவிட ஜாஸ்தியா பயந்து போயிருந்திருக்காங்க. நானே உக்காந்து மாட்டி விட்டேன். அப்படியே கால்ல விழுந்தேன். “நீ செஞ்சது தப்புதான், ஆனா நல்லா இரு”ன்னுட்டு விறுவிறுன்னு நடந்து போயிட்டாங்க. அவங்க பேரைக் கூட நான் கேக்கலை.

இன்னைக்கும் பஸ்ல யாராவது காதலிக்கிறவங்களை வெட்டணும் குத்தணும்னு பேசினா எனக்கு ஒடம்பு ஆடிப் போவுது. ஆனா உசுருக்கு ஆபத்துன்னு வந்தா யாரு பக்கத்துல போய் உக்காருவேன்னு கேட்டீங்கன்னா, நல்லவிதமாப் பேசறவங்களை விட்டுட்டு, அப்படி ஒரு வாயாடிப் பொம்பளை எங்க இருக்காங்கன்னுதான் தேடுவேன்.