கடைசி வினாத்தாளும் கண்ணுக்குள் ஒரு குமிழியும்

முதலில் மறைந்தவை பக்கத்தின் அடிவரிகள். பட்டப்படிப்புக்கான ஞாயிறு வகுப்பில் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், வரிகள் வரவில்லை. இடது கண்ணில் கீழிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. வலி இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், வலிக்கவில்லையே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் கழன்றுபோவது) என்றார் டொக்டர். மறுநாளே சத்திரசிகிச்சை. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். அது மேலெழுந்து படலத்தை அழுத்திப் பிடிக்க, நான் இரவும் பகலும் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. பல்கலைக்கழகத்துக்குள் போகாமல் வெளியிலிருந்தே படிக்கும் வெளிவாரிப் பட்டத்தில் ஒரு பாடம் மட்டும் மீதி. பரீட்சை நெருங்கியிருந்தது.

“எழுதலாமா டொக்டர்?”

“பரீட்சை எங்க?”

“கண்டியிலதான்.”

“நல்லவேளை. நுவரெலியான்னா விட்டிருக்கமாட்டேன். மேல ஏறினா வாயு விரியும், கண்ணு போயிரும். எழுதுங்க. தலைய மட்டும் நிமித்தாதீங்க.”

கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டில், கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். கணவர் தரையில் உட்கார்ந்து அரசறிவியல் பாடத்தை வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இறைமைன்னா என்னா மேரி?”

“யாருக்கும் கீழ்ப்படியாத அதிகாரம்.”

“அப்ப இந்த வீட்டுல அது ஒனக்குத்தான். குப்புறக் கெடந்தும் கொறையல.”

சிரித்தேன். கண்ணுக்குள் குமிழி குலுங்கியது. பயந்து நிறுத்திக்கொண்டேன்.

தூக்கத்தில் புரண்டுவிடாதபடி இருபுறமும் தலையணைகளை அடுக்கினோம். விழிக்கும்போதெல்லாம் வலது கண்ணைச் சோதித்தேன். அதுவும் போனால்? அந்தக் கேள்வி எந்த அத்தியாயத்தின் நடுவிலும் வந்தது.

பரீட்சை மண்டபத்தில் மேசைமேல் கவிழ்ந்தே வலது கண்ணால் எழுதினேன். மேற்பார்வையாளர் அருகே வந்தார்.

“என்னம்மா, தூக்கமா?”

“இல்லங்க சேர். கண் ஒப்பரேஷன்.”

“ஐயோ, எழுதுங்க எழுதுங்க.”

மணி அடித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். எனக்கு நிமிரப் பயமாக இருந்தது. மண்டபம் காலியாகும்வரை வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமிழி கரைந்துவிட்டது. படலம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாடத்திலும் சித்தியடைந்தேன். ஆனால் இடது கண்ணுக்கு நேர்கோடுகள் இன்னும் வளைந்தே தெரிகின்றன. மற்றக் கண்ணிலும் இது வரலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

பட்டமளிப்பு அடுத்த வருடமாம். முன்பு ‘அடுத்த வருடம்’ என்பதை எளிதாகச் சொல்வேன். இப்போது காலையில் மல்லாந்து படுத்தபடி கண்ணைத் திறந்து, கூரையின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்க்கிறேன். தெரிந்தால், அன்றைய நாள் என்னுடையது.