"அப்புறம்?" என்று கேட்ட மரகதம் மேடம்

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: மரகதம் மேடம் மாரடைப்பால் காலமாகிவிட்டார். அதன்கீழே வரிசையாக ஒரே பூங்கொத்துப் படம், ஒரே "ஆழ்ந்த இரங்கல்". ஒருவராவது சொந்தமாக ஒரு வரி எழுதக் கூடாதா என்று எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. அழுகை மெட்ரோவில் வந்தது.

தில்லியில் ஒரே பள்ளியில் நாங்கள் இருவரும் தமிழ் ஆசிரியர்கள். நான் கோடிட்ட இடம் நிரப்புக, பொருத்துக என்று கறாராக நடத்துகிறவன். அவர் திருநெல்வேலிக்காரர், மோதி பாக் அரசுக் குடியிருப்பிலிருந்து வருவார். சேர்ந்த புதிதில் பிள்ளைகளிடம் வெற்றுத் தாளைக் கொடுத்து, "பிடிச்சத எழுதுங்க" என்றார். வீட்டிலேயே பாதி இந்தி பேசும் பிள்ளைகள் என்னத்தை எழுதும்? ஒருவன் "எனக்குப் பிடித்தது. நன்றி" என்று எழுதி நீட்டினான். நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் என் மேசைக்கே வந்துவிட்டார். "சிரிச்சது போதும் சார். ஒங்க கோடிட்ட இடத்த எனக்குக் கொஞ்சம் குடுங்க. கோட்ட மட்டும் நான் நீட்டிக்கிடுதேன்" என்றார்.

அப்படியே செய்தார். வாக்கியத்தைத் தொடங்கிக் கொடுப்பது அவர். முடிப்பது பிள்ளையின் பாடு. "மழை பெய்ததால்" என்று நான் கொடுத்தால் என் வகுப்பு முழுவதும் "பள்ளிக்கு விடுமுறை" என்று எழுதும். அவர் வகுப்பில் ஒருத்தி, "மழை பெய்ததால் அப்பா முனிர்காவில் மாட்டிக்கொண்டார், அம்மா ரொட்டியை இரண்டு தடவை சூடு பண்ணினாள்" என்று எழுதினாள். மேடம் பிழைகளைத் திருத்திவிட்டு, கீழே சிவப்பு மையில் "அப்புறம்?" என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே பிள்ளைகள் அடுத்த வரியை எழுதினார்கள்.

தலைமையாசிரியருக்கோ விடைக்குறிப்பு வேண்டும். "ஆளுக்கொரு பதில் எழுதினா மார்க் எப்படிப் போடறது மேடம்?" என்றார் ஒருநாள்.

"படிச்சுப் பாத்துப் போடணும் சார்" என்றார் மேடம்.

பிள்ளைகளை இப்படி எழுத வைக்க, வாரத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமைப் பீரியடுக்காக நாங்கள் இருவரும் எத்தனை தடவை தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றிருப்போம்! ஒருவழியாகக் கிடைத்தது. அவர் இறந்த வாரமே அதைத் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நினைவுக் கூட்டத்தில் பேசும் பிள்ளைகளுக்கு மாதிரி உரை ஒன்றை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மூன்று பேர் வந்து, மூவரும் "ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு" என்று ஒப்பித்துவிட்டுப் போனார்கள். அதுவும் யாருக்கு? இவருக்கு! அடுத்து வந்த எட்டாம் வகுப்பு அனன்யா பாதியில் மறந்துபோய் நின்றாள். மேடையிலிருந்து தலைமையாசிரியர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். பொறுக்க முடியாமல் நான் எழுந்தேன்.

"மேடம் இல்லாத வகுப்பில்..." என்று தொடங்கிக் கொடுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மேடம் இல்லாத வகுப்பில்... நாங்க எல்லாரும் சரியா எழுதறோம்."

"அப்புறம்?"

"ஜல்தி ஜல்தி டிக் போட்டுடறாங்க. யாரும் படிக்கறதில்ல."

தலைமையாசிரியர் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். அதில் இந்த வரி இல்லை.

போய் வாருங்கள் மேடம். வியாழக்கிழமையைத் திருப்பிக் கேட்க நாளைக் காலை அதே வாசலில் நிற்பேன். இந்தத் தடவை தனியாக.